அறுபத்து நான்கு பக்கத்தில் இல்லாதவள்

அலுவலகத்தில் அவருக்குச் சுருக்கர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடங்களுக்குத் துணைப்பாட நூல் போடும் பதிப்பகத்தில் முப்பத்தோரு வருடம், ஒரே மேஜை. தடித்தடியான ஆங்கில நாவல்களை அறுபத்து நான்கு பக்கத்துக்குள் அடக்கிக் கொடுப்பது வேலை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும்; நான்கு தாளுக்கு மேல் ஒரு பக்கம்கூடத் தரமாட்டேன் என்பது முதலாளியின் வேதவாக்கு.

மற்றவர்கள் வாக்கியம் வாக்கியமாகக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். சுருக்கருக்கு அந்தச் சில்லறை வேலை பிடிக்காது. யாரை எடுத்தால் கதை விழாமல் நிற்கும் என்று பார்ப்பார். அந்த ஆளை முதல் அத்தியாயத்திலிருந்தே வேரோடு பிடுங்கிவிடுவார். ஒரு ஆளைத் தூக்கினால் எண்பது பக்கம் மிச்சம். "தலைவலின்னு போனா தலையையே எடுத்துடுவார் நம்ம ஆளு," என்று பக்கத்து மேஜை புரூப் ரீடர் சொல்லுவார். சுருக்கரும் சேர்ந்து சிரிப்பார். பெருமைதான், வேறென்ன.

அப்படி அவர் கைபட்டவற்றில் பேர்போனது ஒரு பழைய துறைமுகத்து நாவல். நானூற்றெண்பது பக்கம். தாய் தகப்பன் இல்லாத அக்காவும் தம்பியும். மாலுமிகள் தங்கும் விடுதியில் தரை துடைத்து அக்கா தம்பியைப் படிக்க வைக்கிறாள்; அவன் கப்பல் வைத்தியன் ஆகிறான்; பிறகு புயல், தீவு, கல்யாணம், பேர், புகழ் எல்லாம். சுருக்கர் அக்காவைத் தூக்கினார். அவள் இருந்த இடத்தில் ஒரே வரி எழுதினார்: 'ஓர் உறவினரின் உதவியால் அவன் படித்தான்.' பன்னிரண்டு வருடம் அது பாடமாக இருந்தது. 'அவன் படிக்க உதவியவர் யார்?' என்று ஒரு மதிப்பெண் கேள்வி தவறாமல் வரும். 'ஓர் உறவினர்' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நாவலை அவருக்குக் காட்டியதே அவருடைய அக்காதான். அவர்களுக்கும் தாய் தகப்பன் கிடையாது. சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தவள், நடைபாதைக் கடையிலிருந்து அட்டை போன அந்தப் புத்தகத்தை வாங்கி வந்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அவள் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம் என்று முட்டி மோதிப் படித்து முடித்தார்கள். தம்பி கல்லூரி முடித்தது அந்தக் காலர்களால்தான். கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. தம்பி படிப்பு முடியட்டும் என்று இரண்டு முறையும் அவளே தட்டிக் கழித்தாள். மூன்றாவது முறை யாரும் கேட்கவில்லை. பள்ளிப் பதிப்பு வெளிவந்தபோது அவர் ஒரு பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். படித்துவிட்டு, "அச்சு நல்லா இருக்கு," என்றாள். அவ்வளவுதான்.

அந்த அக்கா இப்போது ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில், வாசலிலிருந்து மூன்றாவது கட்டிலில் கிடந்தாள். சர்க்கரை முதலில் கண்ணைத் தின்றது, பிறகு இடது காலை வாங்கிக்கொண்டது. டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை அனுப்பிடுவோம். வீட்டுக்குன்னா தூக்கி உக்கார வெக்க கூடவே ஒரு ஆள் இருக்கணும். இல்லன்னா ஊருக்கு வெளிய ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கு. அங்க ஒரு நர்ஸுக்கு நாப்பது பேரு. ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் மகனும் மருமகளும். மனைவியைக் குறை சொல்ல முடியாது. இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்கிறவள். "நான் வேணாம்னு சொன்னேனா? யாரு தூக்குறது, அத மட்டும் சொல்லுங்க," என்றாள். 'நான் தூக்குகிறேன்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கைகால் நன்றாகத்தான் இருந்தது. எடுக்காத லீவும் மலைபோல் குவிந்து கிடந்தது. பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்கிறவன் என்றைக்குப் பார்த்திருக்கிறான்?

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா கேட்டாள்: "அந்தப் புக்க எடுத்துட்டு வாடா. எனக்குப் படிச்சுக் காட்டு. உன் புக்கு இல்ல, பெரிய புக்கு."

மறுநாள் நாலு மணிக்குப் போய் உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் பிரித்தார். "அந்தப் புயல், தீவெல்லாம் உட்டுடு," என்றாள். "அவ வர்ற எடம் மட்டும் படி."

இருபது வயதில் அந்தக் கதைத் தம்பி அவருக்குத் தெய்வம். பிற்பாடு பென்சிலோடு படித்தபோது, கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பதுபோல்தான் புத்தகத்தைப் பார்த்தார். இப்போது ஐம்பத்தொன்பதில், பென்சில் இல்லாமல், கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து படிக்கையில் அவனை ஓங்கி அறையலாம் போலிருந்தது. இருநூறு பக்கத்தில் மூன்று கடிதம் போடுகிறான், மூன்றிலும் அவனுடைய உடம்பு சௌக்கியம்தான். அவள் ஒவ்வொரு கப்பலுக்கும் துறைக்கு ஓடுகிறாள். இதையெல்லாமா தூக்கினோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை ஓர் இடம் வந்தது. தம்பி அதே ஊர் வழியாகக் குதிரை வண்டியில் போகிறான், விடுதி விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது. சுருக்கர் நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அக்கா. "மழை பேயுது. அவன் எறங்க மாட்டான். படி."

நாற்பது வருடம் ஆகியும் இவளுக்கு ஞாபகம் இருக்கிறதே என்று அவருக்கு உள்ளூரப் பயம் வந்தது. ஆனாலும் வியாழக்கிழமை காலை, அலுவலகம் போகிற வழியில், இல்லத்துக்கு அனுப்பச் சம்மதம் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அக்காவிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார்.

வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம். முந்தின நாளே மறுபடி ஒருமுறை எட்டிப் பார்த்து வைத்திருந்தார். தம்பி வந்து சேர்கிறான். விடுதிக்காரர்கள் அவளைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகியிருக்கிறது. கண்ணைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தில் இல்லாததைச் சொன்னார். தம்பி நேரத்துக்கு வந்துவிட்டான். அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினான். போர்வை போர்த்தி வண்டியில் ஏற்றி, தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டான். முற்றும் என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார்.

"எந்த ரூம்ல படுக்க வெச்சான்?" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான்னியே. எந்த ரூம்ல படுக்க வெச்சான்னு கேட்டேன்."

இவள் நம்பவில்லை, நம்பாமலேதான் கடைசிவரை கேட்டிருக்கிறாள் என்று சுருக்கருக்குப் புரிந்தது. "கடல் தெரியற ரூம்ல," என்றார்.

"நல்லதாப் போச்சு. அவளாவது இருந்துட்டுப் போறா." கையை நீட்டித் துழாவி அவர் முழங்கையைத் தொட்டாள். "நர்ஸு காலையிலேயே துணியெல்லாம் மூட்டை கட்டிட்டா. நாளைக்கு எட்டு மணிக்கு இல்லத்து வண்டி வருதாம். நீ அலையாத. உனக்கு ஆபீஸ் இருக்கும்."

வரேங்க்கா என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அலையாதே என்று அவள் சொன்னதும் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சனிக்கிழமை அவர் போகவில்லை. இல்லத்தில் அவள் பதினெட்டு நாள் இருந்தாள், இரண்டு முறை போய்ப் பார்த்தார். செத்த அன்று அவருக்குக் கண்ணீர் வரவில்லை. பிறகு அழுததெல்லாம் அந்த வெள்ளிக்கிழமை வந்த நிம்மதியை நினைத்துத்தான்.