குடிக்காதவரின் வைன்

சுன்னாகம் சந்தைக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது வெங்காய மூட்டையில் தோளில் தோல் உரிந்தது. ஏழாவதை இறக்கி வைத்துவிட்டு, போகிறேன் என்றேன். போ என்றார்கள். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தையும் இப்படித்தான் விட்டேன். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடவில்லை. அதுவும் பழக்கம்தான்.

தெற்கே ஓர் ஒழுங்கையில் திரும்பியதும் மணம் வந்து முகத்தில் அடித்தது. பழுத்த பழத்தையும் கள்ளு விட்டுப் புளித்த அப்பமாவையும் ஒரே சட்டியில் வைத்ததுபோல ஒரு மணம். அதன் பின்னால் போனேன்.

பந்தல் போட்ட முந்திரிகைத் தோட்டம் அது. திராட்சையை எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்போம். பந்தலுக்கு அப்பால் ஒரு கொட்டிலில் பீப்பாய்போலப் பெரிய நாலு நீலப் பிளாஸ்டிக் பரல்கள் இருந்தன. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒருவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஒரு பரலில் காதை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் தண்ணி தருவியளோ?"

அவர் காதை எடுக்காமலே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீர் குடிக்கிறனீரோ?"

எத்தனையோ முதலாளிமார் என்னிடம் கேட்ட கேள்வி. இல்லை என்று பொய் சொல்லித்தான் வேலை வாங்கியிருக்கிறேன். இவர் கேட்டதில் ஓர் ஆசை இருந்தது.

"ஓம் அண்ணை. எது கிடைச்சாலும்."

"இஞ்சேர்!" என்று வீட்டுப் பக்கம் கத்தினார். "ஆள் வந்திட்டுது!"

மனைவி செம்பில் தண்ணீரோடு வந்தார். கதையைச் சொன்னதும் அவர்தான். மழை பட்டு வெடித்த பழத்தை வியாபாரி எடுக்கவில்லை. மனிசன் அனுமதிப்பத்திரம் எடுத்து வைன் போட்டுவிட்டார். நாளைக்குக் காலையில் யாழ்ப்பாணத்து ஹோட்டல்காரர் ருசி பார்க்க வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் கொடியை வெட்டிவிட்டு வெங்காயம் வைப்பதென்று மனிசன் முடிவெடுத்திருந்தார்.

"அக்கா, அண்ணைக்குப் பிடிச்சிருக்கோ?"

"அவர் எங்கை குடிச்சவர்? ஒரு சொட்டும் வாயிலை வைக்கமாட்டன் எண்டு நல்லூர்க் கந்தனுக்குச் சத்தியம் பண்ணின மனிசன். ஆறு மாதமாக் காது வைச்சுக் கேக்கிறார். பிள்ளைத்தாச்சி வயித்திலை கேக்கிற மாதிரி."

அண்ணைக்குக் கோபம் வரவில்லை. செய்த விதத்தை எனக்குக் கொட்டத் தொடங்கினார். பழத்தைக் கையால் பிசைந்து, சீனி சேர்த்து, ஈஸ்ட் போட்டால் மறுநாளே இரைச்சல் எழும்புமாம். தோல் மேலே மிதந்து தடித்துக்கொண்டு வருமாம். காலையும் மாலையும் அதை அமத்தி விட வேண்டுமாம். முதற் பரலில் தோலை இரண்டு நாளில் வடித்துவிட்டார். நாலாவதில் பத்து நாள் விட்டார். சாற்றில் நிறமே இல்லை, நிறமெல்லாம் தோலில்தான் என்று அவர் சொன்னபோது, எனக்குப் பசி மறந்துவிட்டது. கள்ளு, சாராயம், கசிப்பு என்று இத்தனை வருடம் குடித்திருக்கிறேன். ஒன்று ஏன் அப்படி ருசிக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"பின்னேரம் நாலையும் ஒண்டாக் கலக்கப் போறன். ஹோட்டல்காரருக்கு ஒரே ருசியா இருக்கட்டும்."

சில்வர் பேணியில் ஒவ்வொன்றாக ஊற்றித் தந்தார். முதலாவது மெல்லிய சிவப்பு. புளிப்பு நாக்கின் ஓரத்தைக் கிள்ளியது. இரண்டாவதில் இனிப்பு மிச்சம் இருந்தது. மூன்றாவதை வாயில் வைத்ததும் காடிப் புளிப்பு மூக்கில் ஏறியது. வெளியே துப்பினேன். நாலாவது கறுப்பு, கடுந்தேயிலைபோல ஈறை இழுத்துப் பிடித்தது.

"மூண்டாவதைக் கலக்காதேங்கோ அண்ணை. வினாகிரியாகுது. கலந்தால் நாலும் போச்சு."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. வழியில் வந்த ஒருவனின் வாயை நம்பி ஒரு பரலை ஒதுக்குவதா? நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"உதை அடிக்கடி திறந்தனீங்களோ?" என்று கேட்டேன். திறந்து வைத்த கள்ளு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா சிரிக்கத் தொடங்கினார்.

"ஒவ்வொரு நாளும் திறந்து மணந்து பாக்கிறவர் உதைத்தானே! வாசலுக்குக் கிட்டக் கிடக்கு எண்டு. ருசி பாக்கேலாத மனிசன் மணந்தே கெடுத்துப்போட்டார்."

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மூன்றாவது பரலைத் தன் கையாலேயே உருட்டி மூலைக்குக் கொண்டுபோனார். நாலும் போச்சு என்ற சொல்லுக்குப் பயந்து, மற்ற மூன்றையும் கலக்கவும் இல்லை.

"இருந்து சாப்பிடும்" என்றார்.

சைவச் சாப்பாடு. இடிச்ச சம்பலோடு கறுப்பு வைனைக் குடித்தேன். வாய்க்குள் நெருப்பு வைத்ததுபோல இருந்தது. கத்தரிக்காய்ப் பால்கறியோடு அதையே குடித்தேன். ஈறை இழுத்த துவர்ப்பு எங்கே போனது? தேங்காய்ப்பால் அதை விழுங்கிவிட்டது! திரும்பவும் சம்பல், இப்போது இனிப்பானதோடு. எரிவு அடங்கி, மிளகாயின் வாசம் மட்டும் மிஞ்சியது.

"அண்ணை, இரண்டாவது நண்டுக்கறிக்கு! குருநகரிலை ஒருக்கால் சாப்பிட்டனான், கண்ணாலை தண்ணி வரும். அதுக்கு இதுதான். முதலாவது பொரிச்ச மீனுக்கு, தேசிக்காய் புளியிற மாதிரி!"

அவர் கொப்பியில் எழுதிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுக்கு மருந்து பருக்கிப்போட்டுப் பாக்கிற பார்வை" என்றார் அக்கா.

அன்றிரவு கொட்டிலில் படுத்தேன். காலையில் ஹோட்டல்காரர் வந்து மூன்றையும் சுவைத்தார். கொப்பியை வாங்கிப் படித்தார். சிரித்தார். முதலாவதையும் இரண்டாவதையும் அப்படியே எடுப்பதாகச் சொன்னார். கறுப்பு இன்னும் ஆறு மாதம் கிடக்கட்டுமாம்.

"ஐயா, நீங்கள்தான் குடிக்கமாட்டியளே. ஆர் ருசி பாத்துச் சொன்னது?"

"எங்கடை ஆள்" என்று அண்ணை என்னைக் காட்டினார்.

ஹோட்டல்காரர் போனபின், அண்ணை சம்பளம் சொன்னார். சந்தையில் கிடைத்ததைவிடக் கொஞ்சம் குறைவு. மூன்று நேரச் சாப்பாடு உண்டு. ஒவ்வொரு காலையும் தேத்தண்ணிக்கு முன் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும்.

"ஆனா தம்பி, விழுங்கப்படாது. துப்ப வேணும்."

"நான் நிண்டு பாப்பன்" என்றார் அக்கா.

ஓம் என்றேன். கறுப்புப் பரலின் அடிக் குழாயைத் திறந்து ஒரு மிடறு பிடித்து, வாய்க்குள் சுழற்றி, கொடியின் அடியில் துப்பினேன்.