மோட்டார் நின்றால்தான் கம்ப்யூட்டர்

பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் கொண்டுபோகிற தொழிலில் முதலில் அலறுவது தலைமையாசிரியர்தான். எங்கள் ஹெச்.எம்.மும் அலறினார்.

சாக்கு

நானும் ஷாகுலும் ப்ளஸ் டூ எழுதிவிட்டு மரக்காணத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தோம். அவன் அண்ணன் துபாயிலிருந்து ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். டிவியில் மாட்டினால் தட்டுவதெல்லாம் திரையில் வரும். உப்பளத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு அதை ஒரு வாரம் கொடுத்தார். பிள்ளைகள் கை பட்டால் அங்கேயே இருக்கட்டும், பீரோவில் தூங்கினால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்றார்.

கால் கழுவித்தான் அறைக்குள் வரணும் என்று ஹெச்.எம். சட்டம் போட்டார். தரை ஈரமாச்சு. ஷாக் அடிக்குமே என்று உப்பளத்திலிருந்து காலிச் சாக்கு கொண்டுவந்து விரித்தோம். உப்புச் சாக்கு காற்றிலிருக்கிற ஈரத்தையும் குடிக்கும் என்பது இந்த ஊரில் பிறந்த எங்களுக்கே தோணலை. டிவி வயரில் தோல் உரிந்த இடம் இரும்பு மேஜையில் பட்டிருந்தது. மேஜையை முதலில் தொட்டவர் ஹெச்.எம். துள்ளி விழுந்து எழுந்தார். "டேய், கம்ப்யூட்டர் கத்துக் குடுக்க வந்தீங்களா, எம் போஸ்ட்டுக்கு வேற ஆள் போட வந்தீங்களா?"

மோட்டார்

வயருக்கு டேப் சுற்றி, எல்லாரையும் மர பெஞ்சில் ஏற்றினோம். அடுத்த வம்பு கரண்ட். உப்பளத்தில் தண்ணி இறைக்கிற மோட்டார் ஓடினால் பள்ளியில் டிவி படம் சுருங்கும், தட்டினதெல்லாம் போயிடும். மோட்டார் ஓட்டுகிற முனுசாமி அண்ணனிடம் ஓடினேன். அரை மணி நிறுத்துங்க என்றேன்.

"மொதலாளிக்கு யாரு பதில் சொல்றது, உங்கப்பனா?"

அவர் மகள் கலா அந்தப் பள்ளியில்தான் ஐந்தாவது. அவள் பேரை அவளே டிவியில் எழுதுவாள் என்றேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். அப்புறம் சுவிட்சை இறக்கினார். "எம்பொண்ணு பேரு வரலைன்னு வெச்சுக்க, உன்னப் பாத்தியில தள்ளி உப்பு எடுத்துடுவேன்."

பேர்

திரும்பி வந்தால், மேஜை முன்னால் ஹெச்.எம். உட்கார்ந்திருக்கிறார். பிள்ளைகள் பெஞ்சில் கை கட்டி நிற்கிறார்கள். "நான் தட்டுறேன், நீங்க பாருங்க" என்று ஒற்றை விரலால் இனிஷியல், பேர், பட்டம், பதவி எல்லாம் தேடித் தேடித் தட்டினார். தப்பானால் முதலிலிருந்து. இலவசமாக எங்காவது உதவப் போயிருந்தால் உங்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

அரை மணி தாண்டியது. ஜன்னலில் முனுசாமி அண்ணன், முழங்கால் வரைக்கும் உப்போடு. "சார், உங்க பேரு ஊருக்கே தெரியும். எம்பொண்ணு பேரப் போட வுடுங்க, மோட்டார் நிக்குது."

பூட்டு

ஹெச்.எம். எழுந்து இடம் விட்டார். கலா நாலு இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினாள். முனுசாமி அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எது எந்த எழுத்து என்று கேட்க, ஹெச்.எம்.மே விரலை வைத்துக் காட்டினார். அப்புறம் பெஞ்சில் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை, மேஜையில்தான் மொத்தமும்.

சாயங்காலம் ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டார். "நல்லா இருந்துச்சுப்பா. இனிமே பசங்க கை படாம பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, சாவிய என் டேபிள்ல வெச்சிட்டுப் போ."

சரிங்க சார் என்று கம்ப்யூட்டரை மேஜையிலேயே விட்டு, வெறும் பீரோவைப் பூட்டி, சாவியை டேபிளில் வைத்துவிட்டு வந்தேன். சம்பளம் இல்லாத வேலையில் ஒரே சௌகரியம், சொன்னதைச் செய்யாதவனை வேலையை விட்டுத் தூக்க முடியாது.