விசம்பூர்க் வழியாக ஓர் இலையுதிர்காலம்

என் கணவர் இருபத்தொன்பது வருடம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் வேலை செய்தார். முதலில் கோப்பை கழுவினார், பிறகு மரக்கறி வெட்டினார், கடைசியில் அடுப்படிக்குப் போனார். அந்த உணவகம் ஆகஸ்டில் மட்டும்தான் மூடும். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் எனக்கும் விடுமுறை. அக்டோபர் கடைசியில் வரும் இரண்டு கிழமை விடுமுறையில் அவர் வேலைக்குப் போய்விடுவார். நான் பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் எங்கள் வீட்டின் யன்னலடியில் இருந்து, எதிரே நிற்கும் மரங்கள் மஞ்சளாகி உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான்.

முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து அவர் ஓய்வுபெற்ற வருடம், செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மரக்கறி வாங்கிவிட்டு வழக்கமான கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"இந்த முறை துசேனுக்கு எங்கையாவது போவமோ?" என்று கேட்டேன். அந்த இலையுதிர்கால விடுமுறையை நாங்கள் பிரெஞ்சுக்காரரைப் போலத் துசேன் என்றுதான் சொல்வோம்.

"ஆற்றை கலியாணம்?" என்று கேட்டார் அவர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் போன பயணமெல்லாம் கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் செத்தவீட்டுக்கும்தான். டோர்ட்முண்ட், சூரிச், பாசல், லண்டன் என்று எல்லா ஊரிலும் எனக்குத் தெரிந்தது ஒரு மண்டபமும் அதன் வாகனத் தரிப்பிடமும். பெற்றோல் நிலையத்துக் கழிப்பறையில் சேலை மாற்றுவோம். போய் நின்று வீடியோவில் முகம் காட்டுவோம். சாப்பிட்டுவிட்டு உடனே திரும்புவோம். திங்கட்கிழமை வேலை.

"ஒருத்தற்றை கலியாணமும் இல்லை. சும்மா. நீங்களும் நானும்."

அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சும்மா எண்டால், எங்கை போறது?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. எங்கள் வரவேற்பறைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தேன். அவருடைய தங்கையின் கலியாணத்துக்காக ஸ்டுட்கார்ட்டுக்குப் போனபோது எடுத்தது. எட்டுப் பேர் ஒரு வான் வண்டியில் போனோம். எல்லைக்குக் கிட்ட எங்கோ பாதை தவறி, ஒரு சின்னச் சாலையில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்று இல்லை. உதவி வரும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே நின்றோம். சாலையின் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். இலைகளெல்லாம் மஞ்சள். வெயில் இளஞ்சூடாக அடித்தது. தோட்டத்தில் வேலை செய்த ஒரு கிழவி கைநிறையப் பழக்குலைகளைக் கொண்டுவந்து தந்தாள். பட்டுச்சேலையோடு வரப்பில் இருந்து பழம் தின்று சிரித்துக்கொண்டிருந்தோம். மகளுக்கு அப்போது ஐந்து வயது; பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வரிசை ஓடினாள். இந்த நாட்டுக்கு வந்தபிறகு வேலைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எனக்குக் கிடைத்த இரண்டு மணித்தியாலம் அதுதான். அந்த இடம் எதுவென்று மட்டும் எங்களுக்குத் தெரியாது.

அன்றைக்கு வானை ஓட்டியவர் இவருடைய நண்பர். இப்போது அதே தெருவில் ரெலிபோன் கடை வைத்திருக்கிறார். அப்போதே எழுந்து அவரிடம் போனோம். அவர் திருத்திக்கொண்டிருந்த போனை ஓரமாக வைத்துவிட்டுத் தன் கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்தார்.

"அண்ணை, அது விசம்பூர்க்குக் கிட்ட. எனக்கு நல்ல ஞாபகம். ஊருக்குள்ளை ஒரு சின்ன ஆறு ஓடும். அதைத் தாண்டி மேட்டிலை ஏறினால் ஜெர்மனி. வான் நிண்டது பிரான்ஸிலையோ ஜெர்மனியிலையோ எண்டதுதான் தெரியேல்லை."

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தத் தேநீர்க்கடையில் எங்கள் திட்டம் வளர்ந்தது. நான் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் பெரிய கடதாசி வரைபடம் ஒன்று வாங்கிவந்தேன். வடை எண்ணெய் அதில் இரண்டு இடத்தில் பட்டு, பாசலுக்குக் கீழே ஒரு ஏரியைப் போலத் தெரியும். விசம்பூர்க்கில் நான்கு நாள், பிறகு ரைன் ஆற்றோரமாகத் தெற்கே, கருங்காடு என்னும் மலைத்தொடரின் அடிவாரத்தில் பிரைபூர்க், அங்கிருந்து பாசல், திரும்பும் வழியில் ஜூரா மலைப்பக்கம். மொத்தம் பன்னிரண்டு நாள். விரைவு ரயிலே வேண்டாம், ஊர் ஊராக நிற்கிற சின்ன ரயில்தான் என்றேன். இவருடைய முழங்காலுக்கும் அதுதான் வசதி. ஒரு நாளைக்கு ஒரு நடை, அதற்கு மேல் இல்லை.

மகள் வந்து வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஸே த்ரோ லான், அம்மா!" என்றாள். ரொம்ப மெதுவாம். "பாரிஸிலிருந்து பாசலுக்கு மூண்டு மணித்தியாலம். நீங்கள் எட்டு நாள் எடுக்கிறீங்கள்."

"ஓம். எட்டு நாள்தான் வேணும்," என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, அறைகளைப் பதிவு செய்து தந்தாள்.

இப்போது நினைத்தால், பயணத்தைவிட அந்தச் சனிக்கிழமைகள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. வெளியே மழை. மேலே பாலத்தில் மெத்ரோ போகிற சத்தம். இவர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு, சமையல் வேலையில் சுட்டுத் தழும்பான விரலால் ஊர்ப்பெயர்களைத் தடவித் தடவி வாசிப்பார். "நீர் என்ன சொல்லுறீர், இஞ்சை இறங்குவமோ?" என்று கேட்பார். அதுவரை அவருக்கு அப்படி என்னிடம் எதையும் கேட்க நேரமே கிடைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தங்கை, என் மச்சாள், வழக்கம்போல ஸ்டுட்கார்ட்டிலிருந்து அழைத்தா. இவர் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "உன்ரை கலியாணத்துக்கு வரேக்கை வான் நிண்ட இடத்தையும் பாக்கப் போறம்," என்றார்.

"அதைப் பாக்க அங்கை என்ன கிடக்கு, அண்ணை?" என்று கேட்டுவிட்டு மச்சாள் போனை வைத்துவிட்டா.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இவர் சாப்பிடும்போது, "விசம்பூர்க்கை விட்டிட்டு நேரே தெற்காலை போவம்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. எத்தனை வருடம் கழித்து ஒரு ஆசை. அதற்கும் ஒரு உறவு குறுக்கே நிற்கிறதே என்று நினைத்தேன். அடுத்த நாள் அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து நானே மச்சாளை அழைத்தேன். சண்டை பிடிக்கத்தான் அழைத்தேன்.

"உங்களுக்கு என்ன மச்சாள் பிரச்சினை?" என்று கேட்டேன்.

மச்சாள் மெதுவாகச் சொன்னா. "என்ரை கலியாணத்தண்டைக்கு மாப்பிள்ளை வாசல்லை வந்து நிக்கிறார். கால் கழுவிக் கூட்டிக்கொண்டு வர என்ரை அண்ணை இல்லை. மாப்பிள்ளைத் தோழனா நிக்கவேண்டிய பொம்பிளையின்ரை சகோதரம் எங்கை எண்டு அவையின்ரை ஆக்கள் கேக்கினம். அம்மா அப்பா ஊரிலை. அந்த மண்டபத்திலை எனக்கெண்டு வரவேண்டியிருந்தது நீங்கள் ரெண்டு பேரும்தான். கடைசியிலை ஆரோ தெரியாத பெடியன் தோழனா நிண்டான். ஐயர் நேரம் போகுது எண்டார். தாலி கட்டேக்கை நான் அழுதது வீடியோவிலை இருக்கு. எல்லாரும் கலியாணப் பொம்பிளை அழுறது வழக்கம்தானே எண்டு நினைச்சினம். நான் நீங்கள் எல்லாரும் றோட்டிலை அடிபட்டுச் செத்துப் போனியள் எண்டு நினைச்சு அழுதனான்."

என் கண் சுவரிலிருந்த படத்துக்குப் போனது.

"பிறகு வந்து இறங்கினியள். கையிலை குலைகுலையா முந்திரிகைப் பழம். சிரிச்சுக்கொண்டு. அந்தப் படத்தை உங்கடை வீட்டை வரேக்கை எல்லாம் நான் பாத்தனான் மச்சாள். ஒண்டும் சொல்லேல்லை."

திராட்சைத் தோட்டத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்த அதே இரண்டு மணித்தியாலத்தை மச்சாள் எப்படிக் கழித்திருப்பா என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. வந்து சேர்ந்ததும் "டயர் வெடிச்சுப் போச்சு" என்று சொன்னோம். அதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அவ எங்கள் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் சமையலறையில் நின்று எனக்குச் சோறு போட்டதும், என் மகளின் சடங்குக்கு நான்கு நாள் முன்னதாகவே வந்து வேலை செய்ததும் ஞாபகம் வந்தன. அவவின் கணவர் இறந்து நான்கு வருடமாகியிருந்தது. பிள்ளைகளும் தனித்தனியாகப் போய்விட்டார்கள்.

"மச்சாள், நீங்களும் எங்களோடை வாங்கோ," என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன்.

"நான் என்னத்துக்கு? நீங்கள் ரெண்டு பேரும் தனியப் போறியள்."

"மூண்டு நாள் மட்டும் வாங்கோ. பிறகு நாங்கள் தனியப் போறம்."

கடைசியில், "நான் ஒரு இடத்திலையும் சமைக்க மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்," என்றா.

விசம்பூர்க் நிலையத்தில் மச்சாள் எங்களுக்கு முன்னதாகவே வந்து நின்றா. ஒரு சின்னப் பெட்டி, புதுச் சப்பாத்து. விடுதி அறையைத் திறந்ததும் கட்டில் விரிப்பைத் தடவிப் பார்த்தா. ஒரு முதியோர் இல்லத்தில் இருபது வருடம் விரிப்புத் தோய்த்து மடித்தவ அவ. "இதை நான் மடிக்கத் தேவையில்லை, என்ன?" என்று சொல்லிச் சிரித்தா. விடுதி அறையில் தங்குவது அவவுக்கு அதுதான் முதல்முறை.

அடுத்த நாள் காலை ஆற்றோரமாக நடந்து மேட்டில் ஏறினோம். இவருடைய முழங்காலுக்காக வழியோரத்து மர வாங்கு ஒவ்வொன்றிலும் இருந்து ஆறினோம். எல்லை என்று ஒரு பலகை மட்டும்தான். முன்பு அகதிப் பத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நெஞ்சடிக்கக் கடந்த எல்லை அது. மேட்டுக்கு மேலே திராட்சை வரிசைகள் விரிந்து கிடந்தன. மஞ்சள்தான், அதே மஞ்சள். ஆனால் நண்பர் சொன்ன அடையாளத்துக்கு ஒத்த சாலை மூன்று இருந்தது. எந்த வளைவில் நின்றாலும் இதுதானோ என்று தோன்றியது. கடைசியில் ஒரு வரப்பில் இருந்தோம்.

"எந்த இடம் அண்ணை?" என்று மச்சாள் கேட்டா.

"தெரியேல்லை. நான் அதிலை கனநேரம் நிக்கேல்லை," என்றார் இவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்காமல் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வான் நிண்ட உடனை நான் நடக்கத் துவங்கீட்டன். மண்டபத்துக்கு ஒரு ரெலிபோன் எடுக்கவேணும் எண்டு. ஒரு வீடு விடாமல் தட்டினனான். எனக்கு அவையின்ரை பாஷை தெரியாது, அவைக்கு நான் சொல்லுறது விளங்கேல்லை. கோட்டுச் சூட்டோடை ஒரு கறுவல் வந்து கதவைத் தட்டினால் ஆர் திறப்பினம்? ஒருத்தர் திறந்தார். மண்டபத்தின்ரை நம்பர் எழுதின துண்டு வானுக்குள்ளை, இவவின்ரை பையுக்கை. திரும்பி வந்தால் வான் வெளிக்கிட நிக்குது."

"ஏன் இதை எனக்கு அண்டைக்குச் சொல்லேல்லை?" என்று மச்சாள் கேட்டா.

"வந்த உடனை நீ என்ரை முகத்தைப் பாக்கேல்லை. பிறகு சொல்ல வெக்கமாக் கிடந்தது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரில் இருக்கும் படத்தில் அவர் இல்லை. படம் எடுத்ததே அவர்தான் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எடுத்தவர் வானை ஓட்டிய அந்த நண்பராகத்தான் இருந்திருக்க வேண்டும். என் வாழ்க்கையின் நல்ல பொழுதென்று நான் எண்ணி வைத்திருந்ததில் என் கணவர் வேறெங்கோ கதவு தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பக்கத்தில் இல்லை என்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

மச்சாள் எழுந்து அண்ணனுக்குப் பக்கத்தில் போய் இருந்தா. கொஞ்ச நேரத்தில் அவ தன் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தா. சமைக்க மாட்டேன் என்றவ, புறப்பட்ட அன்று விடியவே எழும்பி ஸ்டுட்கார்ட் வீட்டில் உழுந்து வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தா. முதல்நாள் முழுக்க அதை வெளியில் எடுக்க மனம் வரவில்லையாம். ஆறிப்போன வடையை மூன்று பேரும் தின்றோம்.

மூன்று நாள் முடிந்து அவவை ரயில் ஏற்றிவிட்டு, அடுத்த நாள் நாங்கள் தெற்கே போனோம். பிரைபூர்க்கில் தெருவோரமாக ஓடும் சின்ன வாய்க்கால்களில் இலைகள் மிதந்துபோயின. பாசலில் நாங்கள் இரண்டு தடவை போயிருந்த மண்டபத்தின் வழியாகவே ட்ராம் போனது. இறங்கவில்லை, ஆற்றங்கரைக்குப் போனோம். ஜூராவில் ஒரு கிராமத்து உணவகத்தில் இவர் மேசையில் வாடிக்கையாளராக இருந்தார். சாப்பாடு வரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே ஒரு சட்டி கீழே விழுந்த சத்தம் கேட்டதும் எழும்பப் போனார். நான் கையைப் பிடித்து இருத்தினேன். பரிமாறிய பெண் அவரை "முசியே" என்று மரியாதையாக அழைத்து, சாப்பாடு எப்படி என்று கேட்டாள். உப்புக் கொஞ்சம் குறைவு என்பது எனக்கே தெரிந்தது. "மிக நன்று," என்று பிரெஞ்சில் சொன்னார். முகம் சிவந்துபோயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் பாரிஸ் வந்து சேர்ந்தோம். அடுத்த ஞாயிறு மச்சாளின் அழைப்பு வந்தது. அதற்குப் பிறகு நிற்கவில்லை.

மறு வருடம் யூலையில் ஒருநாள், இவரைக் கேட்காமல் என்னைக் கேட்டு அழைத்தா.

"மச்சாள், உங்கடை துசேன் எப்ப துவங்குது?"

"ஏன்?"

"பெரிய ஏரி ஒண்டு இருக்கு, போதன்ஸே எண்டு. ஒரு கரை ஜெர்மனி, மற்றக் கரை சுவிஸ், கொஞ்சம் ஒஸ்திரியா. கப்பல் மெதுவாத்தான் போகுமாம். வரைபடம் வாங்கிப்போட்டன்," என்றா. "அண்ணையின்ரை முழங்காலுக்குப் படி ஏறத் தேவையில்லையாம். விசாரிச்சுப்போட்டுத்தான் எடுக்கிறன்."