பச்சையானால் முறியும்

எங்கள் ஆய்வகத்தில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பச்சைக்கை அக்கா, அவ்வளவுதான். மின்சாரம் கடத்தும் பாலிமரில் காகிதத்தை முக்கி முக்கி விரலெல்லாம் பச்சை. கண்ணாடிச் சாமான் கழுவும் எனக்குக்கூட வேலை நிரந்தரம். அவளுக்கு அப்படியில்லை. இந்தக் காகிதம் தேறினால் இருப்பாள், தேறாவிட்டால் வீட்டுக்கு. வீட்டில் கணவர் படுத்த படுக்கை. ஐம்பது வயதுக்காரியை வேறு எவன் வேலைக்கு வைப்பான்?

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். மின்சாதனங்களில் பிளாஸ்டிக்குக்குப் பதில் பஞ்சில் செய்த காகிதம். பாலிமர் அதன் நாரை விடாமல் பற்றிக்கொள்ளும். தூக்கிப் போட்டால் காகிதம் மண்ணோடு மக்கிவிடும். வம்பு எங்கே என்றால், அமிலம் சேர்ந்தால்தான் பாலிமர் பச்சையாகி மின்சாரம் ஓடும். அதே அமிலம் காகிதத்தை அரிக்கும். சோடா உப்பு கரைத்த நீரில் அலசினால் காகிதம் பிழைக்கும். பாலிமர் நீலமாகிச் செத்துவிடும்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படிக்கா?" என்று சீண்டுவேன்.

"ரெண்டும் வேணும்டா. இல்லன்னா நான் இல்ல."

பணம் தரும் குழு பார்வையிட வந்த அன்று அக்கா ஒரு கணக்குப் போட்டாள். இருப்பதிலேயே நல்ல தாளை அலசி, நீலமாகவே வைத்திருந்தாள். கடைசியில் நீர்த்த அமிலத்தில் நனைத்து, நிதானமாக உலர்த்தலாம் என்று நினைப்பு. குழுவோ சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. தாள் துணி போல மடிந்தது, அதில் இணைத்த சோதனை விளக்குதான் எரியவில்லை. ஆய்வகத்தை நடத்தும் பேராசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்கு அகப்பட்ட கெட்டி அமிலத்தில் தாளை முக்கி, சூடான ஓவனுக்குள் திணித்தார்.

"சார், வேணாம் சார். சூட்டுல முறிஞ்சிடும்."

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா."

தாள் பச்சையானது, விளக்கும் எரிந்தது. எல்லோரும் கை தட்டினோம். குழுத் தலைவி, "இப்ப மடிக்கலாம்ல?" என்று கேட்டபடியே மடித்தார். சருகு மாதிரி இரண்டாக உடைந்தது.

அடுத்த வாரம் பேராசிரியர் அக்காவை அழைத்தார். நான் அங்கேதான் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்.

"காகிதம் சரிப்படாதுன்னு குழு சொல்லிட்டாங்கம்மா. இனிமே பிளாஸ்டிக் மேலதான் பூசணுமாம்."

"பூசறதுக்கும் ஆள் வேணும்ல சார்?"

"மெஷின் வருது."

"அது வர்ற வரைக்குமாவது நான் வரட்டுமா சார்?"

அவர் கெட்டவர் இல்லை. கண் கலங்கிவிட்டது. கலங்கி என்ன பிரயோஜனம்? மறுநாளிலிருந்து அக்கா வரவில்லை.