என் மிளகும் அவர்களுடைய நாணயமும்

கோழி மேய்த்தாலும் கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னை ஒரு அரச வங்கிக் காசாளருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் ஊர் இரத்தோட்டையில் யார் கையில் நாலு காசைக் கண்டாலும் நிரந்தர வைப்பில் போடச் சொல்லுவார் இவர். எங்கள் மகளின் படிப்புக்கான பணமும் அங்கேதான் கிடந்தது. நாடே பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற அந்த வருஷம், வைப்பில் ஒரு சதக்காசுகூடக் குறையவில்லை. அதைக் கொண்டு வாங்கக்கூடியதுதான் பாதியாகிவிட்டது. அரசாங்கம் கதவை உடைக்காமலே திருடும். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திருடுவதால் பொலிசுக்கும் போக முடியாது.

அந்த நேரம் பார்த்து டுபாயிலிருந்து என் தம்பி வந்து சேர்ந்தான். பலாபத்வலையில் ஒரு ஹோட்டலில் நடந்த டிஜிட்டல் நாணயக் கூட்டத்துக்கு இவரையும் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்த பிறகு அந்த ஆசையில் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

"ரூபா வெறும் கடதாசி மச்சான். அரசாங்கத்துல நெனச்ச அளவுக்கு நோட்டு அடிச்சுக்குவாங்க. இந்த நாணயத்த யாராலயும் அப்படி அடிக்க முடியாது," என்றான் தம்பி. இவர் தலையாட்டினார்.

"அப்போ இதுக்கு யாருடா பொறுப்பு?" என்று கேட்டேன்.

"யாருமே இல்லக்கா. அதுதான் அதோட விசேஷம்."

யாரும் பொறுப்பில்லாத வீட்டில் நான் ஒரு பூனைக்குட்டியைக்கூட விட்டுவிட்டு வரமாட்டேன். இவர் வைப்பை உடைத்து முழுவதையும் அதில் போட்டார். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடாதே என்பார்கள். என் புருஷனோ அரசனைக் கைவிட்டு என் தம்பியை நம்பினார்.

என் மிளகையும் விற்றுப் போடச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் மிளகைக் காயவைத்து மூட்டை கட்டி, விலை ஏறும்வரை வீட்டிலேயே வைத்திருப்போம். மாட்டேன் என்றேன். "இந்தக் காலத்துல யாரு அக்கா மூட்டையில சல்லி சேர்ப்பாங்க?" என்று தம்பி சிரித்தான்.

அதன் பிறகு இவர் தேத்தண்ணி குடிக்கும்போதும் போனைத்தான் பார்த்தார். அதில் தொகை ஏறிக்கொண்டே போனது. ஏட்டுச் சுரைக்காய் அவ்வளவு பெரிதாகக் காய்த்து நான் பார்த்ததில்லை.

மகளுக்குக் கண்டியில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கியதும் இவர் பணத்தை எடுக்கப் பார்த்தார். எடுப்பதற்கு முன் வரி கட்டவேண்டும் என்று போனில் செய்தி வந்தது. அரசாங்கமே வேண்டாம் என்ற நாணயம் அரசாங்கத்தைவிடக் கறாராக வரி கேட்டது. தம்பியை அழைத்தால் போனை எடுக்கவில்லை. அவனும் போட்டதையெல்லாம் இழந்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது.

"மிளக வித்தா வரியக் கட்டிறலாம். கட்டினா முழுசும் வந்துரும்," என்றார் இவர். வங்கியில் யாராவது இப்படி வந்து நின்றால், உட்காரவைத்துப் புத்தி சொல்லி அனுப்புகிற மனிதர். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒங்க நாணயத்துக்கு என் மிளகுல ஒரு மணி கெடையாது," என்றேன்.

மறுநாள் காலையிலேயே மூட்டைகளை ஓட்டோவில் ஏற்றி மாத்தளைக் கடைக்குக் கொண்டுபோனேன். மகளும் இவரும் கூட வந்தார்கள். கடைக்காரர் நிறுத்துப் பார்த்துவிட்டு நோட்டுகளை நீட்டினார். இவர் பழக்கதோஷத்தில் விரலை நனைத்து எண்ணிவிட்டு, "இன்னைக்கு பேங்க்ல போட்டு வச்சிட்டு, கடைசி நாள்ல கட்டுவோமா?" என்று கேட்டார்.

நான் நோட்டுகளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். அவற்றையும் நான் நம்பவில்லை. அதனால்தான் மகளை இழுத்துக்கொண்டு நேரே கண்டி பஸ்ஸில் ஏறி, அவற்றுக்கு மதிப்பு இருக்கும்போதே கட்டணத்தைக் கட்டி முடித்தேன்.