தளவாய் அண்ணாச்சியின் இலவச ஃபோல்டர்

கைக்கு வந்த பென்டிரைவைத் தளவாய் உடனே குத்திவிடமாட்டார். அதன் வாயில் இரண்டு ஊது ஊதி, தோளில் கிடக்கும் துண்டு நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். "அண்ணாச்சி, செங்கோட்டை பஸ்ஸு போயிரும்" என்று வரிசையில் நிற்பவர் கத்தினாலும் ஒரு ஊது குறையாது. "அழுக்கோட உள்ள விடக்கூடாதுடே. ஒரு நிமிசத்துல குடியா முழுகிரும்?" என்பார்.

தென்காசி யானைப்பாலத்துப் பக்கம் ஜெராக்ஸ், பிரிண்ட் எடுக்கும் கடை. பட்டாளத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். மீசையைப் பார்த்தால் இன்னும் ரிட்டயர் ஆகாதது போலத்தான் இருக்கும். குற்றாலத்துச் சீசன் வந்துவிட்டால் ஐந்தருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்துதான் ஷட்டரைத் தூக்குவார். கம்ப்யூட்டர் திரையை மட்டும் யார் பக்கமும் திருப்பமாட்டார். பெயரில் எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தால்கூட, "அங்கன நின்னே சொல்லும், நான் பாத்துக்கிடுதேன்" என்பார். பட்டாளத்து வழக்கமாம். வாடிக்கையாளருக்குத் தெரிவதெல்லாம் திரையின் முதுகுதான். அதில் சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்: "இங்கு வைரஸ் கிடையாது."

அந்தப் பெருமைக்குக் காரணம் லினக்ஸ் இயங்குதளம். ஊரே விண்டோஸில் இருக்க, இவர் பெட்டியில் மட்டும் பத்து வருஷமாக லினக்ஸ். மற்ற கடைகளில் வருஷத்துக்கு இரண்டு தடவை கம்ப்யூட்டர் படுத்துக்கொள்ளும். அழித்து, புதிதாகப் போட்டு, அழுதுகொண்டே உட்கார்ந்திருப்பார்கள். இவர் பெட்டி ஒருநாள் தும்மியது கிடையாது. "ஆன்டிவைரஸா? காய்ச்சல்காரன்லா மாத்திரை திங்கணும். எனக்கு எதுக்குலே?" என்று சிரிப்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. புதிதாக யார் பென்டிரைவ் கொண்டுவந்தாலும், வேலை முடிந்து கொடுக்கும்போது 'இலவசம்' என்று ஒரு ஃபோல்டரை அதில் போட்டுக் கொடுப்பார். விண்ணப்பப் படிவங்கள், கல்யாணப் பத்திரிகை மாதிரிகள், விண்டோஸில் தமிழ் எழுத்துருக்களை ஏற்றும் ஒரு சின்ன புரோகிராம். காசு கிடையாது. ஒரு நோட்டில் தேதி போட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து மட்டும் வைக்கவேண்டும். இருநூற்றுப் பதினாலு கையெழுத்து ஆகிவிட்டது. ஊருக்கு நம்மால் முடிந்தது என்று அந்த நோட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போன மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் ஜைனப் வந்து நின்றாள். ஜாக்கெட்டுக்குக் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி போடுகிறவள். அவளும் ஓரகத்தி ஜுஹைனாவும் ஒரே வீடு, ஒரே மெஷின். புருஷன்மார் இருவரும் சவூதியில், தம்மாமில். அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"நாலு வருசத்து டிசைன் அம்புட்டும் போன வெள்ளிக்கிழமை போச்சு அண்ணாச்சி. வைரஸாம். கடைக்காரன் எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தந்தான். எல்லாம் அந்த ஜுஹைனா பண்ணுன வேலை. அவ தம்பி கல்யாணப் போட்டோன்னு ஒரு பென்டிரைவைக் கொண்டாந்து குத்துனா. அதோட போச்சு. இப்ப அடுப்பு ரெண்டாயிட்டு. பேச்சுவார்த்தை இல்ல. மெஷினை வித்துப் பாதி தான்னு கேக்கா."

"த்சொ, த்சொ" என்றார் தளவாய். நல்ல ஆன்டிவைரஸ் ஒன்று சொல்லச் சொன்னாள். தன் பெட்டிக்கு அந்தச் சீக்கே வராது என்று வழக்கமான பல்லவியை எடுத்தார். அவள் குடையை மடக்கிக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு வராது, சரி. உங்க மேல ஒட்டிக்கிட்டு இருந்து எங்களுக்கு வராதா?"

போகிற போக்கில் கேட்டதுதான். ஆனால் தளவாய்க்கு அன்று மதியச் சோறு இறங்கவில்லை. பத்து வருஷத்தில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. அதைவிட, தனக்கே தோன்றவில்லையே! மறுநாளே லினக்ஸுக்கு ஆன்டிவைரஸ் தேட உட்கார்ந்தார். கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்புறத்தில் மூன்றைக் குறித்துக்கொண்டார். முதலாவது பெரிய கம்பெனிகளுக்கானது. ஐம்பது கம்ப்யூட்டருக்குக் குறைந்தால் பேசவே மாட்டார்கள். இரண்டாவது இலவசம்தான், ஆனால் அதைப் புதுப்பிப்பதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. "செத்துப்போன டாக்டர் எழுதின சீட்டு" என்று அடித்துவிட்டார். மூன்றாவதும் இலவசம். அது தானாகக் காவல் நிற்காது. இந்த ஃபோல்டரைப் பார் என்று கட்டளையைத் தட்டினால்தான் பார்க்கும். விண்டோஸ் வைரஸையும் கண்டுபிடிக்கும். தளவாய்க்குப் பிடித்துவிட்டது. "சொன்னாத்தான் செய்யும். சொன்னதை மட்டும் செய்யும். நம்ம ஆளுல்லா!"

ஏற்றினார். முழுப் பெட்டியையும் பார்க்கச் சொல்லிவிட்டு, பக்கத்து டீக்கடை விஜயசங்கரிடம் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். வரிவரியாக ஓடியது, எல்லாம் சுத்தம். மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம் ஒரு வரி வந்து நின்றது. 'இலவசம்' ஃபோல்டர். எழுத்துரு புரோகிராம். வைரஸ்.

மெஷின் பொய் சொல்கிறது என்று மறுபடி ஓட்டினார். அதே வரி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மூன்றாவது தடவை ஓட்டினார். அதே வரி. அந்தப் புரோகிராமை நாலு வருஷத்துக்கு முன்பு வெளியூரில் யாருடைய கம்ப்யூட்டரிலோ இருந்து எடுத்து வந்தது நினைவுக்கு வந்தது. லினக்ஸில் அது ஓடாது; அதனால் இவர் பெட்டியில் பேசாமல் படுத்துக் கிடந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு போனவர்களின் வீட்டில்தான் எழுந்திருக்கிறது. நோட்டைத் திறந்தார். கடைசிப் பக்கத்தில், ஜைனபின் கம்ப்யூட்டர் படுத்ததற்கு இரண்டு நாள் முந்தைய தேதியில், அவள் கையெழுத்து. பெற்றுக்கொண்டேன். டீயில் ஆடை படிந்துவிட்டது. அடப்பாவி தளவாய், ஊது ஊதென்று ஊதி, துடைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டல்லவா கொடுத்திருக்கிறாய்!

டம்ளர் எடுக்க வந்த விஜயசங்கர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யாருக்குத் தெரியும் அண்ணாச்சி? அழிச்சுப் போட்டுட்டுப் பேசாம இரும். அந்தப் பிள்ளைக ரெண்டும் நாலு நாள் சண்டை போட்டுட்டுச் சேந்துக்கிடும். இது வெளிய போச்சுன்னா உம்ம கடைக்கு ஒரு பய வருவானா?"

தளவாய் டம்ளரை அவரிடம் நீட்டினார். எதையும் அழிக்கவில்லை. சாயங்காலம் வரை வந்தவர்களுக்கு ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக் கொடுத்தார். பென்டிரைவை நீட்டியவர்களிடம் "இன்னைக்கு இல்ல" என்றார். பிறகு ஜைனபுக்குப் போன் போட்டு, ஜுஹைனாவையும் அந்தக் கல்யாணப் பென்டிரைவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். "அவகூட நான் வரமாட்டேன்" என்றாள். "அப்ப முன்னப்பின்ன வாங்கம்மா. ஆனா ரெண்டு பேரும் வரணும்."

மறுநாள் காலை வந்தார்கள். மேசைக்கு முன்னால் இந்த ஓரம் ஒருத்தி, அந்த ஓரம் ஒருத்தி. ஜுஹைனா பென்டிரைவை வைத்த வேகத்தில் அது துள்ளி விழுந்தது. தளவாய் அதை எடுத்தார். ஊதவில்லை, துடைக்கவில்லை. குத்தினார், கட்டளையைத் தட்டினார், காத்திருந்தார்.

"இதுல ஒண்ணுமில்ல. சுத்தம்" என்றார்.

ஜுஹைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜைனப் விடவில்லை. "இத்தனை நாள்ல அவ கழுவி வச்சிருப்பா. அதுல இல்லன்னா வேற எங்கேருந்து வந்துச்சாம்? சொல்லுங்க பாப்போம். நீங்களும் அவளுக்குப் பரிஞ்சுதான பேசுதீங்க?"

ஷட்டர் ஓரம் பிரிண்ட் எடுக்க நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். விஜயசங்கர் பாய்லருக்குப் பின்னால் இருந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். தளவாய் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 'இலவசம்' என்று தட்டி, அந்த ஒற்றை வரி வந்து நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டைத் திறந்து, ஜைனபின் கையெழுத்து இருந்த பக்கத்தை அவள் முன்னால் வைத்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். இரண்டு கையாலும் திரையைப் பிடித்து, அவர்கள் பக்கம், தெருப் பக்கம், முழுக்கத் திருப்பினார். சிவப்பு எழுத்து ஸ்டிக்கர் அவர் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது.