அப்பா இறங்கித் தள்ளாத கதை

ட்ரீனா மல்கேஹி பகலில் மெல்போர்னில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் பிரன்ஸ்விக்கில் ஒரு பப்பின் மாடி அறையில் மைக்கைப் பிடிப்பாள். ஏழு நிமிடம். பதினோரு வருடமாக இதுதான் பழக்கம். பெரிய நகைச்சுவைக்காரி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே ஒரு ஜோக்கில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அது அவள் அப்பாவைப் பற்றியது. ஹார்ஷம் பக்கத்தில் கோதுமை விவசாயி. அவருடைய ஓட்டை வண்டி தள்ளினால்தான் கிளம்பும். பிள்ளைகள் தள்ளுவார்கள்; அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இன்னும் வேகமா" என்று கத்துவார். அவருடைய இறுதி ஊர்வலத்தன்று அமரர் ஊர்தி சேற்றில் சிக்கிக்கொண்டது. கறுப்புக் கோட்டோடு குடும்பமே தள்ளியது. "இன்னிக்காவது இந்த மனுஷன் எறங்கித் தள்றாரா பாரு" என்று முடிப்பாள். அறை அதிரும்.

போன மார்ச்சில் கிராண்ட் சோர்லி என்ற நகைச்சுவைக்காரன் இதை டி.வி.யில் சொன்னான். அதே சேறு, அதே கோட்டு. அப்பா மட்டும் மாமாவாகியிருந்தார். பப்பின் பின்வரிசையில் இரண்டு தடவை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனவன்தான்.  அதைவிடக் கொடுமை, அடுத்த வாரம் ட்ரீனா சொன்னபோது முன்வரிசையில் ஒரு பெண், "டி.வி.ல வந்ததுதானே இது" என்றாள். சொந்த அப்பாவின் சாவையே அவள் திருடிவிட்டதாக ஆகிவிட்டது.

இந்தத் தொழிலில் யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. திருடினவன் அறைக்குள் வந்தால் ஒருவரும் மேடை ஏறமாட்டார்கள். பாரில் சாய்ந்து அவனுக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். அவன் மைக்கில் உண்மையைச் சொல்ல வேண்டும், அல்லது வெளியே போக வேண்டும். நகைச்சுவைத் திருவிழாவுக்கு முன்னால் புது ஜோக்குகளைச் சொல்லிப் பார்க்க கிராண்ட் அந்த மாடி அறைக்கு வருகிறான் என்று தெரிந்ததும், ட்ரீனா ஊரிலிருந்து அக்கா நோலீனைச் சாட்சிக்கு வரவழைத்தாள். நாலு மணி நேரப் பயணம். தங்கை மேடையில் என்ன பேசுகிறாள் என்று அக்கா அதுவரை கேட்டதே இல்லை.

அன்று கிராண்ட் உள்ளே வந்ததும் முதுகுகள் திரும்பின. அவன் அசரவில்லை. "பொண வண்டி மாட்டிக்கிறது ஊர்ல நடக்காததா? எங்க மாமாவுக்கும் நடந்துச்சு."

"அக்கா, நான் சொல்றேன். நம்ம அப்பாவுக்கு நடந்ததா இல்லையான்னு நீயே சொல்லு" என்று ட்ரீனா ஜோக்கை முழுதாகச் சொன்னாள்.

நோலீன் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை. "நடந்துச்சு. நம்ம அப்பாதான். ஆனா அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னது நான்."

ட்ரீனா மறந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. முதல் வருடம் 'எங்க அக்கா சொன்னா' என்று சேர்த்துத்தான் சொல்லிவந்தாள். அந்த மூன்று வார்த்தை சிரிப்பைத் தாமதப்படுத்துகிறது என்று வெட்டினதும் அவளேதான். வார்த்தையைக் குறைப்பது அங்கே எல்லோரும் செய்வது.

"அவன் உன் பேரைச் சொல்லலைன்னு என்னை இவ்ளோ தூரம் வரவழைச்சிருக்க. நீ என் பேரைச் சொன்னியா?"

"இல்லக்கா."

கிராண்ட் சிரித்துக்கொண்டே கோட்டை மாட்டினான். "அப்போ சரிக்குச் சரி" என்று படியிறங்கிப் போய்விட்டான். 

ட்ரீனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் மேடை ஏறினாள். 'எங்க அக்கா நோலீன் சொன்னா' என்று சேர்த்துச் சொன்னாள். சிரிப்பு தாமதமாகத்தான் வந்தது, கொஞ்சமாகத்தான் வந்தது. நோலீன் சிரிக்கவே இல்லை.

ரயில் நிலையத்தில் நோலீன் சொன்னாள். "நான் அன்னிக்கு ஜோக் அடிக்கலடி. அப்பா மேல இருந்த கோவத்துல அழுதுக்கிட்டே சொன்னேன். அதை ஜோக்காக்கினது நீதான். அதை வேணா உன் பேர்ல வெச்சுக்கோ."